அரங்கில் இருந்த சொதி

கல்சட்டியின் வாயிலிருந்து வெண்கலத் தட்டை நகர்த்தும்போது ஓர் ஓசை வரும், கரகரவென்று இழுபட்டு, விளிம்பைத் தாண்டும் நேரத்தில் மணி மாதிரி ஒருமுறை அதிர்ந்து அடங்குகிற ஓசை. நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து கல்லூரிக்குப் பாளையங்கோட்டை பஸ் ஏறிய நாள்வரை, கொழுந்தாபுரம் மேலத்தெருவில் தினமும் உச்சிப்பொழுதில் அது எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்தது. வந்ததும் தறி நிற்கும், தையல் மெஷின் நிற்கும், வாசலில் வம்பு பேசிக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு உள்ளே போவார்கள். பக்கத்து வீட்டில் பிரமநாயகம் இலையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார், அவருடைய செத்துப்போன மனைவி வைத்த சொதியைத் திறக்கிறார்கள் என்பதுதான் அந்த ஓசைக்கு அர்த்தம். அவர்கள் எல்லாரும் போய்ச்சேர்ந்துவிட்டதால் உறவுமுறையை விட்டுவிட்டுப் பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

சொதி தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலில் பாசிப்பருப்பைக் கரைத்து, முதல் பாலை ஊற்றியதும் கொதிக்க விடாமல் இறக்கி, இஞ்சியும் பச்சைமிளகாயும் மணக்க மணக்க, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் பக்கத்தில் வைப்பார்கள். சாப்பிட்ட மாப்பிள்ளை பந்தலிலேயே தூங்கிப்போனால் சம்பந்தம் நன்றாக அமைந்தது என்று பெண்வீட்டார் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அதைப்போல நிலையில்லாத பண்டம் வேறு கிடையாது. காலையில் வைத்தது விளக்கு வைக்கும் நேரத்தில் புளித்துவிடும், இரவு மீதமானது விடியும்போது நூல்விடும், அதனால் சொதி வைத்த வீட்டில் தெரு முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும்.

எது கெடும், எது கெடாது என்பது பிரமநாயகத்துக்கு நன்றாகவே தெரியும். ரதவீதி முக்கில் அவருக்கு நாட்டு மருந்துக் கடை இருந்தது. வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர்களுக்கு, அவருடைய தாத்தா காலத்தில் வாங்கி வைத்த மலைத்தேனை, உறைந்து மணல்மணலாக இருந்ததை, வெயிலில் வைத்து இளக்கிக் கொடுப்பார். தார் மாதிரி கறுத்த பழம்புளியும், புகைப் பரணில் கிடந்து கல்லாகிப்போன கருப்பட்டியும், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அளக்க முடிகிற பழைய நெய்யும், யார் உப்பிலிட்டது என்று யாருக்கும் தெரியாத நார்த்தங்காயும் அவரிடம் இருந்தன. “கல்லுப்புக்கும் தேனுக்கும் வயசு கிடையாது, மத்ததுக்கெல்லாம் உண்டு” என்பார். அதிகம் பேசாத மனிதர் என்பதால் இந்த ஒரு வாக்கியமே அவருடைய பேச்சாக ஊரில் நிலைத்துவிட்டது.

அவருடைய முதல் மனைவி ஆவுடையம்மாள். ஆனி மாதத்தில் ஒருநாள், மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தே சாப்பிடுவதாக அவர் சொல்லிவிட்டுப் போனார். அப்படி அவர் சொல்வது அபூர்வம் என்பதால் அவள் சொதி வைத்தாள். வைத்து, கல்சட்டியோடு இறக்கி, அடுக்களை ஜன்னலில் குரங்குத் தொல்லை இருந்ததால் அரங்குக்குள் கொண்டுபோய் வைத்தாள். அரங்கு என்பது எங்கள் வீடுகளில் ஜன்னலே இல்லாத உள்ளறை. நெல்லும் புளியும் ஊறுகாய் ஜாடிகளும் ஈரமணலில் புதைத்த எலுமிச்சம்பழங்களும் அங்கேதான் இருக்கும். ஜாடிகளின் வரிசையில் சட்டியை வைத்து, வெண்கலத் தட்டால் மூடி, அந்த அறையின் நிலைப்படியிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அவளைத் தூக்கியபோது வலதுகையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது. தூக்கிய பெண்கள் காலை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள். இருபத்தாறு வயதுக்காரி, காய்ச்சல் தலைவலி என்று படுக்காதவள், சாகும்போது கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தால் அது செய்வினையாகத்தான் இருக்கவேண்டும் என்று தெரு முடிவுசெய்தது. பழத்தைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, ஆற்றில் ஆழமான இடமாகப் பார்த்துப் போட்டு, திரும்பிப் பார்க்காமல் உப்பை எறிந்துவிட்டு வந்தார்கள். யார் வைத்த வினை என்பதில் இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் பேசாமலே இருந்தன.

சாவு விழுந்த வீட்டில் சமைத்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சோறு, குழம்பு, குடத்துத் தண்ணீர், மோர் எல்லாம் கொல்லைக்குப் போய்விடும். உப்பிலிட்டதையும் எண்ணெயில் ஊறியதையும் காயவைத்ததையும் மட்டும் விட்டுவிடுவார்கள், அவற்றுக்குத் தீட்டு இல்லை. அன்றும் தெருப் பெண்கள் அடுக்களையில் இருந்த சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் இஞ்சித் துவையலையும் கொட்டினார்கள். அரங்கில் இருப்பதெல்லாம் கெடாத பண்டம்தானே என்று அங்கே எட்டிப்பார்க்கவில்லை. அப்படி அந்தச் சொதி, கொட்டப்படாமல், ஜாடிகளோடு ஜாடியாக நின்றது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் புளி எடுக்க அரங்குக்குப் போனவள் தெய்வானை. பிரமநாயகத்தின் அக்காள், இலஞ்சியில் புருஷனை இழந்தவள், தம்பிக்குச் சோறு பொங்கிப் போட ஆள் வேண்டும் என்று வந்து சேர்ந்திருந்தாள். இருட்டில் தடவியவளின் புறங்கையில் இளஞ்சூடு தட்டியது.

“ஏட்டி, அரங்குக்குள்ள யாரு அடுப்புப் பத்த வச்சது?” என்று கத்தினாள்.

பெண்கள் கூடினார்கள். தட்டை நகர்த்தினார்கள். அந்த ஓசை முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். உள்ளே முருங்கைக்காய் முருங்கைக்காயாக, பச்சைமிளகாய் பச்சையாக, மேலே மெல்லிய ஆடைகூடப் படியாமல், இப்போதுதான் இறக்கியதுபோலச் சொதி ஆவி பறக்க இருந்தது.

“அன்னைக்கு வச்சதா இது?”

“அவ கையேதான். முருங்கைக்காயை இப்படிக் கோணலா நறுக்குதவ இந்தத் தெருவுல அவ ஒருத்திதான்.”

“வாசம் வருதே, பாவி மக!”

கொட்டுவதா வைத்திருப்பதா என்று யாருக்கும் தெரியாததால் கோயில் ஓதுவாரை அழைத்தார்கள். அவர் அரங்கு வாசலில் நின்று, குனிந்து, இரண்டுமுறை முகர்ந்து பார்த்தார்.

“உப்புப் போட்டிருக்கா?”

“உப்புப் போடாம யாராவது சொதி வைப்பாளா சாமி?”

“ஊறுகாயோட சேர்ந்து இருந்துச்சா?”

“ஆமா.”

“கெடலை?”

“கெடலையே.”

“அப்ப அதுவும் ஊறுகாய்தான்” என்று சொல்லிவிட்டு ஓதுவார் உச்சிகாலப் பூஜைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் அதைப்பற்றி ஆச்சரியப்படவில்லை. ஊறுகாய்க்கு உள்ள சட்டமெல்லாம் சொதிக்கும் வந்தது: ஈரக்கை படக்கூடாது, எச்சில் கரண்டி போடக்கூடாது, வீட்டுக்குத் தூரமான பெண்ணின் நிழல் விழக்கூடாது, அமாவாசையன்று ஜாடிகளுக்கு வேடு கட்டும்போது அதற்கும் ஒரு வெள்ளைத்துணி கட்டவேண்டும். முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டர் கேள்விப்பட்டு வந்து, ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பாட்டில் பாளையங்கோட்டை போய்ச்சேரும் முன் பஸ்ஸிலேயே புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளி, பக்கத்தில் இருந்தவர் வேட்டியில் வடிந்தது. “உங்க சொதி சாதாரணச் சொதிதான்” என்று அவர் திரும்பி வந்து சொன்னார். “அதைத்தானே நாங்களும் சொல்லுதோம், சட்டியை விட்டு எடுத்தா கெடத்தானே செய்யும்” என்றாள் தெய்வானை. இன்ஸ்பெக்டர் தன் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதால், கிளம்பும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஒரு சொட்டு எங்கள் தெருவின் வழக்கமாகிவிட்டது. தீர்த்தம் எடுக்கிற உத்தரணியால் தெய்வானை மொண்டு கொடுப்பாள். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளுக்கும், பரீட்சைக்குப் போகிறவர்களுக்கும், மசக்கைக்காரிகளுக்கும், நினைவு தப்பிக் கிடக்கிற கிழவர்களுக்கும் ஆளுக்கொரு சொட்டு. மிலிட்டரிக்குப் போன ஒருவன் அதை வாயில் வாங்கிக்கொண்டு ரயிலடிவரை விழுங்காமலே போனதாகச் சொல்வார்கள். எனக்கும் கல்லூரிக்குப் போகும் முன் ஒரு சொட்டு கிடைத்தது. இளஞ்சூடாக, தேங்காய்ப்பால் இனிப்பாக இருந்தது. ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி நாக்கில் பாதியில் நின்றது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டதால் நானும் மூடிக்கொண்டேன்.

பிரமநாயகத்துக்கு மட்டும் தினமும் உண்டு. இலை போட்டதும் தெய்வானை தட்டை நகர்த்துவாள், ஓசை வரும், இலையின் இடது மூலையில் ஒரு சொட்டு விழும். அவர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத்தான் சோற்றில் கைவைப்பார்.

தலைத்திவசம் முடிந்ததும் அவருக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தார்கள். பெண் ஆழ்வார்குறிச்சி, பெயர் சங்கரவடிவு. நல்ல உயரம், வாய்த்துடுக்கு, சமையலில் கெட்டிக்காரி. மறுவீட்டுக்கு அவள் வீட்டில் வைத்த சொதியைச் சாப்பிட்டு மாப்பிள்ளையோடு வந்த அத்தனை ஆண்களும் தூங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, அன்றையிலிருந்து மகளை எப்போது சந்தித்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“ஏட்டி வடிவு, மாப்பிள்ளை ரெண்டாந்தரம் கேட்டாவளா?”

இலையில் பரிமாறியதைத் தின்றுவிட்டு எழுந்திருப்பது வேறு, ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்று கேட்டுச் சாப்பிடுவது வேறு. கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற புருஷன் இருக்கிற வீட்டில்தான் அடுக்களை பெண்டாட்டியுடையது என்பது ஆழ்வார்குறிச்சிக்காரிகளின் எண்ணம். எங்கள் தெருக்காரிகளின் எண்ணமும் அதுதான். பிரமநாயகம் கேட்டதே இல்லை. போட்டதைக் குறை சொல்லாமல், மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார், இலையை மடிப்பார், எழுந்திருப்பார்.

“எப்படி இருக்கு?” என்று ஆரம்பத்தில் அவள் கேட்டாள்.

“இருக்கு” என்றார்.

அவள் விடவில்லை. கூட்டாஞ்சோறு வைத்தாள், தீயல் வைத்தாள், உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளுத் துவையல் அரைத்தாள், அவியலுக்கு வெயிலில் நின்று பிஞ்சு காய்களாகப் பொறுக்கி வந்தாள். அவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சாப்பிட்டார். இதற்கும் மேல் அவளுக்கு இன்னொரு துன்பம் இருந்தது: அந்த வீட்டில் அவள் கை பட்டது எதுவும் நிற்கவில்லை. காலையில் வைத்த ரசம் பதினொரு மணிக்கு நுரைத்தது, உறைகுத்திய பால் திரிந்தது, அவள் போட்ட மாவடு ஆடி பிறக்கும் முன் பூஞ்சை பிடித்தது, வற்றல் வெயிலிலேயே புழுத்தது. இருப்பு அத்தனையையும் அந்தச் சட்டி ஒன்றே உறிஞ்சிக்கொள்கிறது என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அவள் கை அப்படி என்று சிலர் சொன்னார்கள். அவள் வேளைக்கு வேளை புதிதாகச் சமைத்தாள். ஆற்றில் துவைக்கப் போனால் படித்துறையில் சீண்டுவார்கள்.

“என்ன வடிவு, உங்க வீட்டுல மூத்தவ சமையல் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. பாத்திரம் தேய்க்கது மட்டும் நான்தான், அவளை வரச்சொல்லுங்க” என்பாள் சங்கரவடிவு. துணியை அடிக்கிற அடியில் கல் அதிரும்.

அந்தச் சொதியை அவள் ருசித்தது கிடையாது. புதுப்பெண்ணாக வந்தபோது தெய்வானை, “உனக்கும் அதுக்கும் ஆகாது பிள்ளே, நீ அரங்குப் பக்கம் போவாண்டாம்” என்று சொல்லி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டொரு வருஷம் கழித்து மனசு இளகி, “வேணும்னா ஒரு சொட்டு நாக்குல வச்சுக்கோ” என்றபோது, “எனக்கு எதுக்கு மைனி ஊறுகாய்?” என்று சங்கரவடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்தது. தெருவே படித்துறைக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. சங்கரவடிவு அரங்குக் கதவின் முன்னால், பூட்டைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள் என்பதை எங்கள் மச்சு ஜன்னலிலிருந்து, அவர்கள் வீட்டு முற்றத்தின் வழியாக, நான் பார்த்தேன். உள்ளே அவளுடைய ஒரே எதிரி சூடாக உட்கார்ந்திருந்தது. வெளியே எதையும் இழுத்துக்கொண்டு போகிற தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பூட்டு. பிரமநாயகம் திரும்பி வந்தார்.

“அந்தச் சட்டிக்கே இன்னொரு தாலியைக் கட்டியிருக்கலாம்லா?” என்றாள் அவரைப் பார்க்காமலே.

“நான் வச்சுக்கிடலை. அது தானா இருக்கு” என்றார்.

“தானா இருக்கதை நீங்க ஏன் தினமும் தொட்டு நக்குதீய?”

அந்த ஆண்டு அவள் ஆழ்வார்குறிச்சிக்குப் போய்க் கொஞ்சநாள் இருந்தாள். அம்மா, “போவாண்டாம், இங்கேயே இருந்துரு” என்று சொல்லியும் திரும்பி வந்தாள். “ஒரு தடவை கேக்கட்டும்மா. கேட்ட அன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வந்துருதேன்” என்று அம்மாவிடம் சொன்னதாகத் தெருவுக்குச் செய்தி வந்தது. அவர்களுக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை. அந்தக் கேள்வி ஒன்றுதான் அவர்கள் வீட்டில் வளர்ந்து பெரிதாகிக்கொண்டிருந்தது.

கெடவில்லையே தவிர, சொதி குறைந்துகொண்டுதான் வந்தது. மழைக்காலத்து உப்பு குறைகிற மாதிரி, பார்க்கும்போது தெரியாமல், பார்க்காதபோது இறங்கியது. முதலில் முருங்கைக்காய்கள் முதுகு தெரிய வெளியே வந்தன, பிறகு சட்டியின் உள்வளைவில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பழைய மட்டங்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. தெய்வானை தெருவுக்குக் கொடுப்பதை நிறுத்தினாள். மாப்பிள்ளைகள் வெறும் கையோடு போனார்கள். கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் நடுவில் மனஸ்தாபங்கள் வந்தன. ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது. பக்கத்தில் டிபன் கடை வந்தது, பலசரக்குக் கடையில் பாக்கெட் தேங்காய்ப்பால் வந்தது. பிரமநாயகத்தின் இலை மூலையில் மட்டும் தினமும் சொட்டு விழுந்தது, ஓசை வந்தது.

நான் இரண்டாவது பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது தெய்வானை கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, நடுக்கூடத்துக் கட்டிலில் கிடந்தாள். மத்தியானப் பொழுதில் பேச்சுத்துணைக்கு நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சங்கரவடிவின் தலையில் அப்போது பாதி நரை. அவள் அம்மா இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அன்றைக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு தேங்காய்ச் சாக்கு வந்திருந்ததால் சங்கரவடிவு, அவள் மட்டுமே செய்யக்கூடிய வீம்போடு, சொதியே வைத்திருந்தாள்.

பிரமநாயகம் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். தெய்வானை கட்டிலில் இருந்தபடியே இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். உருவின கை கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றது.

“வடிவு, நீதான் எடுத்துப் போடணும். ஈரக்கையைத் துடைச்சுக்கோ. ஒரு சொட்டுதான். அடியில ஒரு கரண்டிதான் இருக்கும், பாத்து மொள்ளு.”

சங்கரவடிவு சாவியை வாங்கிக்கொண்டு அரங்கைத் திறந்தாள். திறந்த கதவு வழியாகக் கட்டிலிலிருந்து எங்களுக்கு அவள் பக்கவாட்டில் தெரிந்தாள். தட்டை நகர்த்தினாள், அந்த ஓசையை அவள் கையால் எழுப்பியது அதுதான் முதல் தடவை. குனிந்து பார்த்தாள். உத்தரணியை எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைச் சட்டிக்குள் விட்டுத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அடுப்படியில் நின்று கொதிக்கிற குழம்பில் ருசி பார்க்கிறவள் எப்படி உதட்டைச் சப்பி, புருவத்தைச் சுருக்கி நிற்பாளோ அப்படித்தான் நின்றாள்.

“மைனி” என்றாள். “இதுல எலுமிச்சம்பழம் பிழியலை.”

“என்னட்டி சொல்லுத?”

“பிழியவே இல்லை மைனி. சொதியை இறக்கி வச்சு, சூடு அடங்கினப்புறம்லா பிழிவோம், இல்லேன்னா கசந்துரும். இறக்கி வச்சு, சூடு அடங்கட்டும்னு உக்காந்திருக்கா. பழத்தைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.”

தெய்வானை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஆற்றில் போட்ட பழமும், எறிந்த உப்பும், இரண்டு தலைமுறையாகப் பேசாத இரண்டு குடும்பங்களும் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றன.

“இத்தனை பேர் நாக்குல வச்சாங்களே, ஒருத்தரும் சொல்லலையே” என்றாள் தெய்வானை.

“நக்கினவங்க எல்லாம் கும்பிடுதவங்க. சமைக்கதவ ஒருத்தியும் ருசி பாக்கலை.”

அவள் மணல்பானையில் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். அரிவாள்மணையில் நறுக்கி, விதையை விரலிடுக்கில் தடுத்துக்கொண்டு, சட்டிக்குள் பிழிந்தாள். உள்ளே இருந்தது ஒரு கரண்டிதான் என்பதால் அரை மூடிகூடச் செலவாகவில்லை. மிச்ச மூடியை என்ன செய்வது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய்த் தன் சொதியில் பிழிந்தாள்.

பிறகு கல்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பிரமநாயகத்தின் இலையில் சோற்றின் நடுவில் குழி செய்து, இருந்த சொதி முழுவதையும் கவிழ்த்து ஊற்றினாள். தெய்வானை கட்டிலில் கையை உயர்த்திவிட்டு இறக்கிக்கொண்டாள்.

அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

“பிழிஞ்சிட்டியா?” என்றார்.

“பிழியாம?” என்றாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.”

“சொல்லப்படாதா?”

“சொன்னா யாராவது பிழிஞ்சிருப்பாங்க.”

சங்கரவடிவு பேசாமல் நின்றதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவர் மெதுவாக, பருக்கை பருக்கையாக, இலையில் ஈரம்கூட மிஞ்சாமல் வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தும் இலையை மடிக்கவில்லை. விரல்கள் இலையின் நரம்பில் இரண்டுமுறை மேலும் கீழும் போயின.

“இன்னும் கொஞ்சம் போடு” என்றார்.

கல்சட்டியில் ஒன்றுமில்லை. சங்கரவடிவு வெறும் சட்டியோடு நின்றாள்.

“யாரு கேக்கது?” என்றாள் தெய்வானை, காது கொஞ்சம் மந்தம்.

“உங்க தம்பிதான் மைனி.”

“கேட்டா போடு. எதுக்கு முழிச்சுக்கிட்டு நிக்க?”

அவள் உள்ளே போய்ச் சோற்றுப்பானையையும், தான் வைத்த சொதியையும் கொண்டுவந்து போட்டாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

சாப்பிட்டு எழுந்தவர் வழக்கம்போலக் கடைக்குப் போகாமல் கூடத்துச் சுவரோரமாகத் துண்டை விரித்துப் படுத்தார். படுத்தவர் விளக்கு வைக்கும்வரை தூங்கினார். சங்கரவடிவு அவரைத் தாண்டிப் போக வர இருந்தாளே தவிர எழுப்பவில்லை. ஆழ்வார்குறிச்சியில் சொல்வதற்கு ஆள் இல்லை என்பதால் பெட்டியையும் எடுக்கவில்லை. சாயங்காலம் கல்சட்டி முதல்முறையாகக் குளிர்ந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொல்லைச் சுவரில் கவிழ்த்தாள். அவள் வைத்த சொதியில் மீதமிருந்தது அன்று புளிக்காமல் இருந்ததால், இரவும் அதையே ஊற்றிச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் எல்லார் வீட்டுச் சொதியையும்போல அதுவும் கெட்டுப்போய்த் தென்னைமரத்தின் அடிக்குப் போனது. அடுத்த வருஷம் அவள் போட்ட மாவடு வருஷம் முழுக்க நின்றது.

தெருவில் விஷயம் ஒரே நாளில் பரவியது. சிலர், சொதி தீர்ந்தது நல்லதற்குத்தான் என்றார்கள். சிலர், ஊரின் ஒரு பொருளை ஆழ்வார்குறிச்சிக்காரி தீர்த்துவிட்டாள் என்றார்கள். பேசாமலிருந்த இரண்டு குடும்பங்களும், செய்வினை இல்லை என்று தெரிந்த பிறகும், இத்தனை காலம் பேசாதிருந்த பழக்கத்தில் பேசாமலே இருந்தன. உச்சிப்பொழுதில் ஓசை வராததால் கொஞ்சநாள் எல்லாரும் நேரம் தவறிச் சாப்பிட்டார்கள், பிறகு கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

தெய்வானை அந்த மார்கழியில் போனாள். பிரமநாயகம் பின்னும் பலகாலம் இருந்து, கடையை மருமகன் முறைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு கோடையில் தூக்கத்தில் இறந்தார். சங்கரவடிவு அந்த வீட்டிலேயே தனியாக இருந்தாள். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சமைத்துக்கொண்டிருந்தாள். போன புரட்டாசியில் ஒருநாள் காலை, அடுப்பில் ரசம் வைத்துவிட்டு இறந்துபோனாள். வழக்கப்படி அவள் சமைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டினோம், அரங்கையும் திறந்து பார்த்தோம். ஊறுகாய் ஜாடிகள் மட்டும்தான் இருந்தன.